காப்பாற்றிய பிறகு யார் சோறு போடுவது?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இப்படிப்பட்ட மேடையில் "நன்றாகப் படியுங்கள், பெரியோரை மதியுங்கள்" என்று சொல்லிவிட்டு உட்காருவது வழக்கம். அதை உங்கள் ஆசிரியர்கள் தினமும் சொல்கிறார்கள். ஆகவே நான் இன்று வாயில்லாப் பிராணிகளைப் பற்றிக் கொஞ்சம் பேசப் போகிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்தப் பொங்கோலில் ஒரு காலத்தில் புலி இருந்தது. சிரிக்காதீர்கள் தம்பிகளே, உண்மையாகத்தான் சொல்கிறேன். அடுக்குமாடி வீடுகளும் ரயிலும் வருவதற்கு வெகுகாலம் முன்பு, இங்கே கடலோரத்தில் ஒரு விலங்குத் தோட்டம் இருந்தது. அதை நடத்தியவர் வில்லியம் லாரன்ஸ் சோமா பசப்பா என்ற இந்தியர். முதலில் சிராங்கூன் சாலை வீட்டிலேயே பிராணிகளை வைத்திருந்தார். இடம் போதவில்லை. 1928-ஆம் ஆண்டுவாக்கில் பொங்கோலுக்கு மாற்றினார். பிராணிகளை வாங்கி விற்பதும் அவருடைய தொழில்தான். இன்றைய கண்ணோட்டத்தில் அதில் குறை சொல்ல இடமுண்டு. ஆனாலும் பிராணிகள் மேல் அவருக்குப் பிரியம் இருந்தது. ஊரே திரண்டு வந்து பார்த்தது.

பிறகு போர் வந்தது. ஜப்பானியப் படை நெருங்கியபோது, ஆங்கிலேய ராணுவத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டது. 24 மணி நேரத்துக்குள் பிராணிகளை அப்புறப்படுத்து என்றார்கள். ஒரே நாளில் புலியையும் கரடியையும் எங்கே கொண்டுபோவது? யார் வீட்டில் கட்டிவைப்பது? பாவம், அவரால் முடியவில்லை. சாதுவான பிராணிகளையும் பறவைகளையும் வெளியே விரட்டிவிட்டார்கள். ஆபத்தானவற்றைச் சுட்டுக் கொன்றார்கள். பசப்பா 1943-இல் காலமானார்.

இந்தக் கதையில் என் மனத்தை உறுத்துவது ஒன்றுதான். அத்தனை உயிர்களும் ஒரே ஒரு மனிதரின் தோளில் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தத் தோள் சாய்ந்ததும் அவற்றுக்கு வேறு நாதி இல்லை. தனிமரம் தோப்பாகாது என்பார்களே, அது இதுதான்.

இப்போது இங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போவோம். சிவிங்கி என்ற விலங்கு உங்களுக்குத் தெரியும். சிறுத்தைக்குத் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஒல்லி உடம்பு, நீண்ட கால், கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர்க் கோடு போலக் கறுப்புக் கோடு. நிலத்தில் அதைவிட வேகமாக ஓடும் பிராணி கிடையாது. அதுவும் நம் இந்திய மண்ணில் ஓடியதுதான். வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். அற்றுப்போய்விட்டது என்று 1952-இல் அரசாங்கமே அறிவித்தது. 2022 செப்டம்பர் 17-ஆம் தேதி நமீபியா நாட்டிலிருந்து 8 சிவிங்கிகளை விமானத்தில் கொண்டுவந்து, மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் விட்டார்கள். எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது.

காட்டுக்குப் போகும் சிவிங்கிக்குப் படம் போடுகிறார்கள். போகவே முடியாத சிவிங்கியின் கதை என்ன?

சிவிங்கிக் குட்டி ஏறக்குறைய 18 மாதம் தாயோடு இருக்கும். அதுதான் அதன் பள்ளிக்கூடம். எதைத் துரத்துவது, எப்படிப் பதுங்குவது, சிங்கம் வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, எல்லாவற்றையும் தாய்தான் சொல்லிக்கொடுக்கும். பணக்காரர்கள் செல்லமாக வளர்ப்பதற்காக, கண் திறந்தும் திறக்காத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, ஆப்பிரிக்காவின் கிழக்கு முனையிலிருந்து கடல் தாண்டி அரபு நாடுகளுக்குக் கடத்துகிறார்கள். வழியிலேயே பல செத்துப்போகின்றன. சோமாலிலாந்தில் அதிகாரிகள் மடக்கிப் பிடித்து மீட்கும் குட்டிகள் எலும்பும் தோலுமாக இருக்கும். ஏற்ற தீனி இல்லாமல் எலும்பு வளைந்துபோன குட்டிகளும் உண்டு.

"மீட்டாயிற்றே, காட்டில் விட்டுவிடலாமே" என்று ஒரு பெண் கேட்கிறாள். நல்ல கேள்வி அம்மா. பள்ளிக்கூடமே போகாத பிள்ளையை நேரே பரீட்சை மண்டபத்தில் உட்காரவைக்க முடியுமா? வேட்டையாடத் தெரியாத சிவிங்கி பட்டினி கிடக்கும். மனிதனைக் கண்டு பயப்படாத சிவிங்கி ஆட்டுப்பட்டிக்குப் போகும், ஆட்டுக்காரன் சுட்டுவிடுவான். ஆகவே அவற்றில் பல, ஆயுள் முழுவதும் வேலிக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

என் பாட்டி ஜொகூரில் பால்மரத் தோட்டத்தில் வேலை செய்தவர். தாய் செத்த ஆட்டுக்குட்டி ஒன்றை நான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன், பெரிய வீரன் மாதிரி. பாட்டி சொன்னார்: "தூக்கிட்டு வர்றது பெருசில்லடா. நாளைக்கும் பால் குடுக்கணும், நாளன்னிக்கும் குடுக்கணும். அதுக்கு யாரு இருக்கா?" நான் விழித்தேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது.

அந்தப் "பத்துப் பன்னிரண்டு வருஷம்" பராமரிப்பில் இருக்கும் ஒரு சிவிங்கியின் ஆயுள். தினமும் கிலோக் கணக்கில் இறைச்சி வேண்டும், சுண்ணாம்புச் சத்து சேர்க்க வேண்டும், வைத்தியர் வேண்டும், வேலி வேண்டும், ஓடுவதற்கு இடம் வேண்டும். இந்த வேலையை லாரி மார்க்கர் என்ற அம்மையார் 1990-இல் நமீபியாவில் தொடங்கிய சிவிங்கிப் பாதுகாப்பு நிதியம் செய்துவருகிறது. சோமாலிலாந்திலும் மீட்புக் காப்பகம் நடத்துகிறது. காட்டுக்குத் திரும்ப முடியாத சிவிங்கிகளுக்கு உலகெங்கும் உள்ளவர்கள் ஆதரவுப் பணம் அனுப்புகிறார்கள். பணம் கொடுத்தவருக்குச் சிவிங்கி சொந்தமாகிவிடாது; அதைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. அது நாளைக்கும் சாப்பிடும் என்ற நிம்மதிதான் பலன்.

இதெல்லாம் தூரத்து விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் சிங்கப்பூரில் ஆ மெங் என்ற ஒராங் ஊத்தானை அறியாதவர் உண்டா? இந்தோனேசியாவிலிருந்து கடத்திவந்து யாரோ வீட்டில் வளர்த்ததை 1971-இல் மீட்டார்கள். 1973-இல் திறந்த விலங்குத் தோட்டத்தில் அது வளர்ந்து, 2008-இல் இறந்தது. மீட்டது ஒரு நாள். சோறு போட்டது ஏறத்தாழ 37 வருஷம்!

இன்னொன்றும் சொல்கிறேன். 2020-இல் கொரோனா வந்தபோது மைசூர் விலங்குத் தோட்டத்தை மூடினார்கள். நுழைவுச் சீட்டு விற்பனை நின்றுபோயிற்று. யானைக்கும் புலிக்கும் பசி நிற்குமா? அப்போது பொதுமக்கள் பிராணிகளைத் தத்தெடுத்துப் பணம் அனுப்பினார்கள். 1942-இல் பொங்கோலில் ஒரு தோள்தான் இருந்தது. 2020-இல் மைசூரில் ஆயிரக்கணக்கான தோள்கள் இருந்தன. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆகவே நான் கேட்பது இரண்டே விஷயம். ஒன்று: காட்டுப் பிராணியின் குட்டி அழகாயிருக்கிறதே என்று யாரும் வாங்காதீர்கள். வாங்க ஆள் இருப்பதால்தான் கடத்த ஆள் இருக்கிறான். இரண்டு: ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு உண்டியல் வையுங்கள். பிறந்தநாள் மிட்டாய்க் காசில் ஒரு வெள்ளி போதும். ஆண்டு முடிவில் பள்ளியின் பெயரில் ஒரு பிராணிக்கு ஆதரவு அனுப்பலாம். ஒரே வருஷத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த வகுப்பு முடித்துப் போகும்போது அடுத்த வகுப்பின் கையில் உண்டியலைக் கொடுத்துவிட்டுப் போங்கள். பெற்றோர்களே, வாழ்க்கைச் செலவு எனக்கும் தெரியும். உங்களிடம் பெருந்தொகை கேட்கவில்லை. பிள்ளை காசு போடும்போது "எதற்கு இது?" என்று தடுக்காமல் இருந்தாலே போதும்.

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் 18 மாதமல்ல, 18 வருஷம் சொல்லிக்கொடுக்க ஒரு தாய் இருக்கிறார், ஆசிரியர் இருக்கிறார். அந்தப் பாக்கியம் கிடைக்காத ஒரு ஜீவன் எங்கோ வேலிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கோப்பையை வீட்டுக்கு எடுத்துப்போகும்போது அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.