தியோமான் தீவில் கற்ற பாடம்



சிங்கப்பூரில் சிவில் இன்ஜினியராக இருக்கிறேன். "ஆபீஸ் கதை வேண்டாம், வேற ஏதாவது பேசு"ன்னு செயலாளர் சொல்லிட்டார். அதனால் ஒரு தீவுக் கதை.

2023 ஜூன் பள்ளி விடுமுறையில் மனைவி, எட்டு வயது மகளோடு மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போனேன். ஜொகூர் மாநிலத்தின் மெர்சிங் துறையிலிருந்து படகு. தீவு பஹாங் மாநிலத்தைச் சேர்ந்தது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும். கடல் கொந்தளிக்கும், படகுகள் குறைந்துவிடும். சுற்றியுள்ள கடல் 1994 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. உள்ளே பெரும்பகுதி அடர்ந்த மழைக்காடு. அதன் நடுவே 1,038 மீட்டர் உயரத்தில் காஜாங் மலை. புலி, யானை கிடையாது. குரங்கு, உடும்பு, சருகுமான் உண்டு.

மேற்கே தெக்கெக் கிராமம், கிழக்கே ஜுவாரா கிராமம். இரண்டுக்கும் இடையே மலையைத் தாண்டி ஏறக்குறைய 7 கிலோமீட்டர் காட்டுப்பாதை. செங்குத்தான ஒரு சாலையும் உண்டு. எங்களுக்கு ஜுவாராவில்தான் அறை. "பேசாம எல்லாரும் ஜீப்புல போயிடலாங்க"ன்னு மனைவி சொன்னாள். நான் கேட்கலை. மணிக்கு நாலு கிலோமீட்டர், ரெண்டு மணி நேரம், அவ்வளவுதானேன்னு கணக்குப் போட்டேன். அவளைப் பெட்டிகளோடு ஜீப்பில் அனுப்பிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு மாலை நாலு மணிக்குக் கிளம்பினேன். கையில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டில். டார்ச் இல்லை.

என் கணக்கு சமதரைக்கான கணக்கு! ஏற்றத்தையும் புழுக்கத்தையும் வழுக்கும் வேர்களையும் அதில் சேர்க்கவே இல்லை. உச்சியை எட்டும் முன்பே தண்ணீர் தீர்ந்தது. இறக்கத்தில் மகள் ஒரு வேர்மேல் உட்கார்ந்து, "அப்பா, என்னால முடியல"ன்னாள். மணி ஆறுதான். ஆனால் மரக்கூரைக்கடியில் இருட்ட ஆரம்பிச்சிடுச்சு. அவளை முதுகில் தூக்கிக்கொண்டேன். அடுத்த காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அப்போது எனக்கு வந்த பயத்தை இன்றுவரை அவளிடம் சொன்னதில்லை.

எதிரே ஒரு வெளிச்சம். மலாய்ப் பெரியவர் ஒருவர், கையில் டார்ச். கீழே சாலையோரம் நின்ற என் மனைவிதான் அவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். தண்ணீர் கொடுத்தார், சாலைவரை கூடவே வந்தார். "பாக்சிக், ரொம்ப நன்றி"ன்னேன். "கிளம்பறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தம்பி"ங்கிற மாதிரி மலாயில் சொல்லிச் சிரித்தார்.

மறுநாள் ஜுவாரா கடற்கரையில் ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் இடத்தை மூவரும் பார்த்தோம். மகள் முந்தின நாளையே மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

நம் சர்வே வாத்தியார் அடிக்கடி சொல்வார்: "முதல்ல இடத்தை நடந்து பாரு, அங்க இருக்கறவனைக் கேளு, அப்புறம் கோடு போடு." அன்று பரீட்சைக்காகப் படித்தேன். தியோமானில்தான் புரிந்தது. இப்போது எந்த வேலை தொடங்கினாலும் அந்த ஊர்க்காரர் ஒருவரிடமாவது பேசாமல் வரைபடத்தில் கை வைப்பதில்லை.

நீங்களும் அந்தத் தீவுக்குப் போங்க, அவசியம் நடங்க. காலையிலேயே கிளம்புங்க. தண்ணீரும் டார்ச்சும் எடுத்துக்குங்க. முக்கியமா, வீட்டுக்காரம்மா சொல்றதைக் கேளுங்க!