பல் சொல்லும் பால்கணக்கு



பெல்ஜியத்தில் ஸ்க்லாடினா என்றொரு குகை. அங்கே கிடைத்த ஒரு நியாண்டர்தால் குழந்தையின் பல்லை வைத்து, அது ஏழு மாதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தது, பிறகு ஏழு மாதம் பாலோடு வேறு உணவும் சாப்பிட்டது, அதன்பின் சட்டென்று பால் நின்றுவிட்டது என்று 2013-இல் 'நேச்சர்' இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தக் குழந்தை வாழ்ந்து சுமார் ஒரு லட்சம் ஆண்டு ஆகிறது. இவ்வளவு துணிச்சலாகச் சொல்ல வைத்தது பேரியம் என்ற உலோகம்.

பல்லின் எனாமல், குழந்தை வளர வளர நாளுக்கு ஒரு மெல்லிய படிவாக உருவாகிறது. பிறந்த நாளுக்கென்றே அதில் தனிக் கோடு விழுகிறது. எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். எனாமல் அப்படியில்லை, ஒருமுறை உருவானால் உருவானதுதான். கருவிலிருக்கும் குழந்தைக்குத் தாயிடமிருந்து பேரியம் கொஞ்சமாகத்தான் போகிறது. பால் குடிக்கத் தொடங்கியதும் கூடுகிறது. பால் நின்றதும் இறங்குகிறது. ஆகவே பல்லில் பேரியம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், எப்போது உடம்புக்குள் போனது என்பதும் தெரியும்.

பழைய முறையில் பல்லை அமிலத்தில் கரைத்துவிடுவார்கள். மொத்த அளவு துல்லியமாகக் கிடைக்கும், இடம் தொலைந்துவிடும். கீரையைக் கடைந்த பிறகு எது இலை, எது தண்டு என்று யார் சொல்வது?

புதிய முறையில் பல்லின் மெல்லிய சீவலை ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து, லேசர் கதிரால் வரிவரியாகச் சுரண்டுகிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அகலந்தான். கிளம்பும் நுண்தூளை வாயு அடித்துச்சென்று ஆர்கான் பிளாஸ்மாவில் சேர்க்கிறது. சூரியனின் மேற்பரப்பையும் மிஞ்சும் சூடு அங்கே. தூள் அணுக்களாகச் சிதறி மின்னூட்டம் பெறுகிறது. நிறைமாலைமானி அவற்றை எடைவாரியாகப் பிரித்து எண்ணுகிறது: பேரியம் 138, ஈயம் 208. புள்ளிகளைச் சேர்த்தால் வரைபடம். அதிலுள்ள சிவப்பும் நீலமும் கணினி பூசியவை. பேரியத்துக்கு அந்த நிறமெல்லாம் கிடையாது. பத்திரிகைப் படங்களைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம்.

கணக்கு சரிதானா என்று முதலில் இன்றைய குழந்தைகளின் பற்களிலும், பால்குடி மறந்த காலம் தெரிந்த குரங்குகளின் பற்களிலும் சோதித்தார்கள். அதனால்தான் எனக்கு இதில் நம்பிக்கை. ஆனால் ஒரு குழந்தையை வைத்து நியாண்டர்தால் தாய்மார் எல்லாரும் இப்படித்தான் என்று சொல்வது வேறு விஷயம். 2018-இல் பிரான்சின் பைரே என்ற இடத்தில் கிடைத்த ஒரு நியாண்டர்தால் குழந்தையின் பல்லை ஆராய்ந்தபோது, அந்தக் குழந்தை இரண்டரை வயதுவரை பால் குடித்தது தெரிந்தது.

இன்றைய மருத்துவத்துக்கும் இந்த லேசர் வரைபட முறை உதவுகிறது. வில்சன் நோயில் கல்லீரலில் தாமிரம் தேங்கும். ஆனால் ஒரே ஈரலில் ஓரிடத்தில் மிகுந்தும் பக்கத்திலேயே குறைந்தும் இருக்கும். ஊசியில் எடுத்த ஒரு துணுக்கின் சராசரி எண் மருத்துவரை ஏமாற்றக்கூடும்; வரைபடமோ எங்கே எவ்வளவு என்று காட்டும்.

மறுபடி பைரேக்கு வருவோம். அங்கே ஆராய்ந்த இரண்டு நியாண்டர்தால் குழந்தைகளின் பற்களிலும் இன்னொன்று இருந்தது: ஈயம். இரண்டரை லட்சம் ஆண்டுக்கு முன், குழாயோ பெட்ரோலோ இல்லாத காலத்தில். வளர்ச்சிக் கோடுகளையும் பருவத்தைக் காட்டும் ஆக்சிஜன் ஐசோடோப்புகளையும் சேர்த்துப் பார்த்தால், அது குளிர்காலத்தை ஒட்டி உடம்பில் ஏறியிருக்கிறது. அந்தப் பகுதியில் ஈயத்தாது உண்டு. உணவிலா, தண்ணீரிலா, குகைக்குள் மூட்டிய நெருப்பின் புகையிலா, எதில் வந்தது என்பதை மட்டும் பல் சொல்லவில்லை.