முதலில் உட்காருங்கள்



பேச்சைத் தொடங்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. முன்வரிசையில் ஏழு நாற்காலி காலி. பின்னால் சுவரோரமாக அக்காமார் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறீர்கள். காலையிலிருந்து பூண்டுக் காட்டில் குனிந்து நிமிர்ந்த முதுகு. வந்து உட்காருங்கள். கூச்சமாக இருக்கிறதா? சரி, கொஞ்ச நேரம் கழித்து வாருங்கள். நான் பேசப்போவதே உட்காருவதைப் பற்றித்தான்.

அழைப்பிதழில் ‘பணியிடத்தில் தலைமையும் தொழிலாளர் நலனும்’ என்று கனமாகப் போட்டிருக்கிறார்கள். நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் பணியாளர் பிரிவில் இருந்தவன். ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது, லீவு கேட்டால் முகத்தைச் சுளிப்பது, இதுதான் என் வேலை. 2015 செப்டம்பரில் எங்கள் அதிகாரிகள் முப்பது பேரைத் தலைவர்களாக ஆக்குவதற்காக மூணாறுக்கு அழைத்து வந்தேன். ரிசார்ட்டில் இரண்டு நாள் முகாம். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்து நடக்க வேண்டும், கயிறு இழுக்க வேண்டும், ராத்திரி தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து மனம் திறக்க வேண்டும். இதற்கெல்லாம் தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டியாயிற்று.

மறையூர் வழியாக வந்தோம். ஊருக்குள் பஸ் நுழையவில்லை. ரோடு முழுக்கப் பெண்கள். கொழுந்து எடுக்கிற கைகள். ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். முகாம் நடக்கவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் நான் பார்த்த ஒரே தலைமைப் பயிற்சி அதுதான்.

உங்களுக்குத் தெரியாத கதையல்ல. உங்கள் அத்தையும் சித்தியும் அதில் இருந்திருப்பார்கள். போனஸ் பத்து சதவீதம்தான் என்றது கம்பெனி. இருபது வேண்டும் என்றார்கள் இவர்கள். கண்ணன் தேவன் கம்பெனி, 2005இல் டாடா டீ தோட்ட நிர்வாகத்தை விட்டு விலகியபோது தொழிலாளர்களுக்கும் பங்கு கொடுத்து உருவானது. அப்படியானால் ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? பங்குதாரர்கள்! சொந்தக் கம்பெனிக்கு எதிராக முதலாளிகளே மறியல் செய்த விந்தை வேறெங்கே நடந்தது? காகிதத்தில் பங்கு இருந்தது. பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி இல்லை. மேசையில் அவர்களுக்காக உட்கார்ந்தவர்கள் சங்கத் தலைவர்கள், எல்லோரும் ஆண்கள். போராட்டம் நடந்த ஒன்பது நாளும் அந்தத் தலைவர்களை இந்தப் பெண்கள் பக்கத்தில் அண்டவிடவில்லை. ‘பெம்பிளை ஒருமை’, அதாவது பெண்கள் ஒற்றுமை, என்ற பெயர் அப்படிப் பிறந்தது. லிஸி சன்னி, கோமதி, இந்திராணி என்று பேர் சொல்ல ஆட்கள் முன்னால் வந்தார்கள். ஒருவரும் எந்த ரிசார்ட்டிலும் கயிறு இழுத்தவரில்லை.

போனஸுக்காகத்தான் வந்தார்கள். ஆனால் ரோட்டோரம் நின்று நான் கேட்டது வேறு கதை. முட்டிவலி. கர்ப்பப்பை இறங்கிப்போன கதை. மலைச்சரிவில் ஒதுங்க இடமில்லாமல் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடுகிற கதை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் குடியிருக்கும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். கூரை நிலைக்க வேண்டுமானால் மகனோ மருமகளோ அதே கூடையைத் தூக்க வேண்டும். இதையெல்லாம் எந்தப் படிவத்தில் எழுதுவது? என்னிடம் ‘பணியாளர் நலன்’ என்றொரு ஃபைல் இருந்தது. பிறந்தநாள் கேக், யோகா தினம், அவ்வளவுதான் அதில்.

செப்டம்பர் 13ஆம் தேதி இருபது சதவீதம் கிடைத்தது. பிறகு கூலிப் போராட்டம். 232 ரூபாய் கூலியை 500 ஆக்கச் சொன்னார்கள். அக்டோபரில் 301 என்று முடிந்தது. கூடவே, ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவானது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்குவது என்பது இதுதான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் நின்று தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துவரை போனார்கள். அப்புறம் உடைந்தார்கள், ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ‘பொம்பளைங்க சேர்ந்தா இப்படித்தான்’ என்று டீக்கடையில் சிரித்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் யோசியுங்கள், ஐம்பது அறுபது வருஷமாகச் சங்கத்தில் கணக்கு நோட்டு ஆண்கள் கையில், மினிட் புத்தகம் ஆண்கள் கையில், சட்டம் படித்தவன் ஆண். ஒன்பது நாளில் எழுந்து நிற்கலாம். கூட்டம் நடத்தவும் கணக்கு வைக்கவும் கருத்து வேறுபாட்டோடு ஒரே பாயில் உட்காரவும் பழக வருஷங்கள் வேண்டும். அந்தப் பழக்கத்தை அந்தப் பெண்களுக்கு யார் கொடுத்தார்கள்?

கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண் அதை நிதானமாகச் செய்தார். ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பு. ஜவுளிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே சாக வேண்டுமா, கழிப்பறைக்குப் போகக்கூடாதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2018இல் கேரளம் கடைச் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் திருத்தியது. இன்றைக்குச் சென்னைத் துணிக்கடையில் ஒரு பெண்ணுக்கு முக்காலி போட்டிருந்தால் அது விஜி போன்றவர்கள் போட்டது.

இனி நம் ஊர் வட்டவடைக்கு வருவோம். ‘வட்டவடையில் ஏது கம்பெனி?’ என்று முன்னால் இருக்கும் பெரியவர் கண்ணாலேயே கேட்கிறார். ஐயா, இருபது பேரைக் கூலிக்கு வைத்துக் கேரட் பிடுங்குகிற அன்றைக்கு உங்கள் காடே கம்பெனி. நீங்களே துரை, நீங்களே கங்காணி. 1951இல் எழுதிய தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத்துக்கு. அதில் குழந்தைகள் காப்பகம் இருந்தது, வைத்தியம் இருந்தது, வீடு இருந்தது. நம் பூண்டுக் காட்டுக்கு அது எதுவும் கிடைத்ததில்லை. பூண்டுக்குப் புவிசார் குறியீடு வந்துவிட்டது. பூண்டு பிடுங்குகிறவளுக்கு ஒதுங்க ஒரு மறைப்பு வரவில்லை.

சட்டம் இருந்தாலும் போதாது என்பதற்கு மூணாறுப் பக்கத்துப் பெட்டிமுடித் தேயிலைத் தோட்டம் சாட்சி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி நான்கு லயங்கள் மண்ணுக்கடியில் போயின. எழுபது உயிர். சேதி வெளியே போக விடிய வேண்டியிருந்தது. தூங்குகிற இடம் பத்திரமா என்று கேட்காதவன் நலனைப் பற்றிப் பேசக்கூடாது.

கம்பெனிக்காரனாக இருந்தவன் கேட்கிறேன், பெரிய செலவில்லை. கேரட் கழுவுகிற இடத்தில், ஐஸ் போன்ற தண்ணீரில் கை விறைக்க நிற்கிறவர்களுக்குக் கையுறையும் பூட்ஸும், ஒரு அடுப்பில் வெந்நீரும் வையுங்கள். மழைக்கு ஒதுங்க ஒரு தார்ப்பாய்க் கொட்டகை போடுங்கள். மலைவாழ் முதுவர் குடியிலிருந்து வருகிறவருக்கும் மற்றவருக்கும் ஒரே டம்ளர், ஒரே கூலி. பொழுது சாய்ந்தபின் காட்டில் வேலை வாங்காதீர்கள்.

இந்த நூலகத்தாரிடம் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்துக் கணக்கை இங்கே சத்தமாக வாசியுங்கள். வாசிப்பவர் முறைவைத்து மாற வேண்டும். முதல் ஆறு மாதம் பெண்கள் வாசிக்கட்டும். தப்பும் தவறுமாக வாசித்தாலும் ஆண்கள் குறுக்கே பேசக்கூடாது. எத்தனையோ லட்ச ரூபாய் முகாமில் கிடைக்காத பயிற்சி அது.

பேசி முடித்துவிட்டேன். அந்த ஏழு நாற்காலி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. தம்பி, டீயை முதலில் பின்பக்கம் கொண்டுபோகாதே. அவர்கள் முன்னால் வந்து உட்கார்ந்து குடிக்கட்டும். வாங்க அக்கா.