பி53-க்குக் கடிவாளம் எம்டிஎம்2

சுண்டெலியின் செல்களில் பி53 என்ற புரதம் ஓயாமல் உற்பத்தியாகிறது. உற்பத்தியான கொஞ்ச நேரத்திலேயே அழிக்கவும்படுகிறது. 1979-இல் கண்டறியப்பட்ட இந்தப் புரதம், டி.என்.ஏ. சேதமடைந்த செல் பிரிந்து பெருகாமல் தடுக்கிறது. சேதம் மீறிப் போனால் அந்தச் செல்லையே மடியச் செய்கிறது. புற்றுநோய் உருவாகாமல் காக்கும் முக்கியமான அரண் இது.

இவ்வளவு வலிமையான புரதம் கட்டுப்பாடின்றி இயங்கினால் நல்ல செல்களும் மடியும். அதைக் கட்டுக்குள் வைப்பது எம்டிஎம்2 என்ற மற்றொரு புரதம். இதன் மரபணு முதலில் கிடைத்தது சுண்டெலிச் செல்களில்தான். எம்டிஎம்2-வின் மேற்பரப்பில் ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. பி53-இன் ஒரு முனையிலுள்ள ஃபினைல் அலனின், டிரிப்டோபேன், லியூசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் அந்தப் பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்துகின்றன. பொருந்தியதும் பி53 செயலிழக்கிறது. பிறகு அதன்மீது யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை எம்டிஎம்2 ஒட்டுகிறது. அந்த அடையாளத்தைக் கண்டுகொள்ளும் புரோட்டியசோம், பி53-ஐத் துண்டு துண்டாக்கிவிடுகிறது.

எம்டிஎம்2-வின் மரபணுவை முடுக்குவதும் பி53தான். பி53 கூடினால் எம்டிஎம்2 கூடும். எம்டிஎம்2 கூடினால் பி53 குறையும். இந்தச் சுழற்சியே இரண்டையும் அளவோடு வைக்கிறது.

கதிர்வீச்சு பட்டு டி.என்.ஏ. இழைகள் அறுந்தால், ஏடிஎம் என்ற நொதி செயலில் இறங்குகிறது. பி53, எம்டிஎம்2 இரண்டின்மீதும் அது பாஸ்பேட்டை ஏற்றுகிறது. எம்டிஎம்2-வின் பிடி தளர்ந்து, பி53 செல்லில் குவிகிறது. அது முடுக்கிவிடும் பி21 என்ற புரதம் செல் பிரிதலை நிறுத்துகிறது. பழுது நீங்கியதும் எம்டிஎம்2 மறுபடி பி53-ஐ அடக்குகிறது.

இந்த உறவு எவ்வளவு இறுக்கமானது என்பதை 1995-இல் வெளியான சுண்டெலி ஆய்வுகள் காட்டின. எம்டிஎம்2 மரபணு நீக்கப்பட்ட கருக்கள் கருப்பையில் பதியும் கட்டத்திலேயே மடிந்தன. பி53 மரபணுவையும் சேர்த்து நீக்கியபோது குட்டிகள் உயிரோடு பிறந்தன. முந்தைய கருக்களைக் கொன்றது அடக்க ஆளில்லாத பி53 என்பது அதனால் உறுதியாயிற்று. பி53 இல்லாமலே போவதும் ஆபத்துதான். அந்த மரபணு அற்ற சுண்டெலிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆறு மாதத்துக்குள் புற்றுக்கட்டிகள் தோன்றியதை 1992-இல் வெளியான ஆய்வு காட்டியிருந்தது.

மனிதருக்கு வரும் சில புற்றுநோய்களில் எம்டிஎம்2 அளவுக்கு மீறிப் பெருகி, பி53-ஐ முடக்கிவிடுகிறது. எம்டிஎம்2-வின் பள்ளத்தை அடைத்து பி53-ஐ விடுவிக்கும் நட்லின் என்ற மூலக்கூறுகள் 2004-இல் அறிவிக்கப்பட்டன. சுண்டெலிகளின் உடலில் வளர்த்த மனிதப் புற்றுக்கட்டிகளின் வளர்ச்சியை அவை ஒடுக்கின.