பங்காளி என்றால் பங்கு எங்கே?

(காரைக்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாணிபத்திலே புகுந்துள்ள புதிய சிந்தனை பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மேடையேறியவன் நான். பொருளாதாரத்திலே பட்டம் பெற்றவர்கள் முன்வரிசையிலே வீற்றிருக்கும் இந்த மன்றத்திலே, இந்தத் தலைப்பை என்னிடம் தந்தது துணிவா, விளையாட்டா என்று எனக்கே விளங்கவில்லை. ஆனால் ஒன்று. பட்டம் பெற்ற பிறகுதான் வாணிபம் செய்ய வேண்டும் என்றொரு விதி இருந்திருந்தால், இந்தக் காரைக்குடியிலே இத்தனை மாளிகைகள் எழுந்திருக்குமா? பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அடுத்தாளாக வளர்ந்து, மேலாளாக உயர்ந்து, பேரேட்டையே பாடநூலாகக் கொண்டவர்கள் வாழ்ந்த மண் இது. அந்தப் பேரேட்டைத்தான் நானும் துணைக்கு அழைத்து வந்திருக்கிறேன்.

புதிய சிந்தனை என்ன சொல்லுகிறது? வாங்குபவர் இனி வெறும் வாடிக்கையாளர் அல்லர், அவர் நம் பங்காளி என்கிறது. பொருளைப் படைப்பதிலே அவருக்கும் கை உண்டு, கருத்து உண்டு, ஆகவே இது கூட்டுப் படைப்பு என்கிறது.

சொன்னவர் யார்? கடல் கடந்த நாட்டுக்காரரா? அல்ல! கோவையிலே 1941-ல் பிறந்து, சென்னை லயோலா கல்லூரியிலே இயற்பியல் பயின்று, அமெரிக்காவிலே மிச்சிகன் பல்கலைக்கழகத்திலே பேராசிரியராக விளங்கி, 2010-ல் மறைந்த சி.கே. பிரகலாத். அவரும், அதே பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வெங்கட் ராமசாமியும் 2004-ல் ஒரு நூலை வெளியிட்டார்கள். அதுவரை வாணிப உலகம் என்ன நம்பியது? மதிப்பு என்பது ஆலையின் மதிலுக்குள்ளே பிறக்கிறது. சந்தை என்பது அதைக் கைமாற்றும் இடம். வாங்குபவன் கடைசியிலே பணப்பையோடு காத்து நிற்பவன் என்று நம்பியது. இல்லை, மதிப்பு பிறப்பதே வாங்குபவரும் விற்பவரும் சந்திக்கும் இடத்திலேதான் என்றார்கள் இவ்விருவரும். அந்தச் சந்திப்புக்கு நான்கு தூண்களையும் நாட்டினார்கள். இருவருக்கும் இடையே உரையாடல் இருக்க வேண்டும். வாங்குபவர் உள்ளே வர வழி இருக்க வேண்டும். வரக்கூடிய இடர் இன்னதென்று அவரிடம் முன்னரே சொல்ல வேண்டும். ஒளிவுமறைவு கூடாது.

நல்ல தூண்கள்! மறுப்பார் யார்? ஆனால் பங்காளி என்ற சொல் இருக்கிறதே, அதை இந்தச் சீமையிலே எவரும் எளிதாக வாயிலிருந்து விட்டுவிட மாட்டார்கள். இங்கே பங்காளி என்றால் கோயிலிலே புள்ளிக் கணக்கு உண்டு. வளவிலே உரிமை உண்டு. நல்லதிலும் கெட்டதிலும் இடம் உண்டு. பங்கு இல்லாத பங்காளியைக் காரைக்குடி கண்டதில்லை. நான்கு தூண்களையும் சுற்றி வந்து பார்த்தேன். பங்கு என்னும் ஐந்தாவது தூண் எங்கே என்று கேட்கவே இன்று வந்தேன்.

முதலிலே நம் வீட்டுத் தரையைப் பாருங்கள். ஆத்தங்குடி அதிகத் தொலைவில் இல்லை. அங்கே பூக்கல் செய்யும் பட்டறைக்குச் சென்று ஒரு பகல் முழுதும் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடித் துண்டு ஒன்றைக் கீழே வைக்கிறார்கள். அதைச் சுற்றி இரும்புச் சட்டம். சட்டத்துக்குள்ளே பூவோ, கொடியோ, கட்டமோ வெட்டிய அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு வண்ணக் குழம்பு. சிவப்பு ஓர் அறையிலே, பச்சை ஓர் அறையிலே, மஞ்சள் ஓர் அறையிலே என்று ஊற்றி, அச்சை மெல்ல எடுக்கிறார் கைவினைஞர். கை நடுங்கினால் கோலம் கலங்கும்! பிறகு சிமென்டும் மணலும் கலந்த உலர்ந்த தூள், அதன்மேல் ஈரக்கலவை. ஆறவிட்டு, நீரிலே ஊறவிட்டு, காயவிட்டுக் கண்ணாடியை நீக்கினால், அந்தக் கண்ணாடியின் வழவழப்பு முழுவதும் கல்லுக்கு வந்துவிடுகிறது. சூளையும் இல்லை, நெருப்பும் இல்லை.

அன்று அங்கே வெளியூரிலிருந்து வீடு கட்டுபவர் ஒருவர் வந்திருந்தார். கைபேசியிலே ஒரு கோலத்தைக் காட்டினார். பட்டறைப் பெரியவர் பார்த்தார். “ஐயா, ஓரத்துக்கு இவ்வளவு கறுப்பு வேண்டாம், அறை சிறுத்துத் தெரியும்” என்றார். வந்தவர் யோசித்தார். தம் தாயார் நடக்கும் அறை, வழுக்கக் கூடாது என்றார். பேசினார்கள், அழித்தார்கள், மறுபடி வரைந்தார்கள். மாலையிலே பிறந்த கோலம் வந்தவருடையதும் அன்று, பெரியவருடையதும் அன்று, இருவருடையதும்! இதைவிடக் கூட்டுப் படைப்பு என்று எதைச் சொல்வது? கடைசிக் கைவேலையும் பட்டறையிலே முடிவதில்லை. ஆண்டுக்கணக்காக வீட்டார் நடந்து நடந்து, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, அந்தக் கல்லுக்கு மெருகேற்றுகிறார்கள். பிரகலாத் எழுதுவதற்கு முன்னரே எழுதப்படாத பாடமாக இது நம் காலடியிலே கிடந்தது.

ஆத்தங்குடியிலே கணக்கும் நேர். இவர் கேட்ட கோலம் இவர் வீட்டுக்குப் போகிறது. அவர் உழைப்புக்குரிய கூலி அவர் கைக்குப் போகிறது. முகம் பார்த்துப் பேசிய இருவருக்கிடையே ஏமாற்றுக்கு இடம் குறைவு. ஆனால் அதே கோலத்தை ஒருவர் படமெடுத்துச் சென்று, எங்கோ ஓர் ஆலையிலே இயந்திரத்தால் அச்சடித்து, ஆத்தங்குடிப் பாணி என்று பெயரிட்டு விற்கிறார் என்று வையுங்கள். வைப்பதென்ன, விற்கிறார்கள்! அப்போது கோலத்தைக் கூடிப் படைத்த அந்த இருவரும் எந்தப் பேரேட்டிலே எந்தப் பத்தியிலே இருக்கிறார்கள்?

இதே கேள்வியை டென்மார்க்கு நாட்டிலே கேட்டுப் பார்ப்போம். குழந்தைகள் அடுக்கி விளையாடும் லெகோக் கட்டைகளை அறிவீர்கள். அந்த நிறுவனம் 1998-ல் தானாக இயங்கும் பொம்மை ஒன்றைக் கொண்டுவந்தது. சில வாரங்களிலேயே, விலை கொடுத்து வாங்கியவர்கள் அதன் மூளையைப் பிரித்து ஆராய்ந்து, நிறுவனம் எண்ணியே பாராத வேலைகளையெல்லாம் செய்ய வைத்துவிட்டார்கள். வழக்குத் தொடுக்கலாமா என்று நிறுவனம் முதலிலே தயங்கியது. பிறகு, இவர்கள் பகைவர்கள் அல்லர், ஊதியம் வாங்காத பொறியாளர்கள் என்று உணர்ந்து அனுமதித்தது. அடுத்த பொம்மை 2006-ல் வந்தபோது, அத்தகைய நால்வரை அழைத்து முன்கூட்டியே கருத்துக் கேட்டது. அவர்களும் மகிழ்ச்சியோடு டென்மார்க்குக்குப் பறந்தார்கள். விமானக் கட்டணம் யாருடையது தெரியுமா? அவர்களுடையது! கைம்மாறாகக் கிடைத்தவை சில விளையாட்டுப் பெட்டிகள்.

சிரிக்கிறீர்கள். ஆனால் அந்த நிறுவனத்தை நான் பாராட்டவும் வேண்டும். பின்னாளிலே அது வேறு வழியும் கண்டது. யாரும் தம் கற்பனையை முன்வைக்கலாம். 10,000 பேர் ஆதரித்தால் நிறுவனம் ஆராயும். தேர்ந்தெடுத்து விற்றால், நிகர விற்பனையிலே நூற்றுக்கு ஒன்று படைத்தவருக்கு. நூற்றுக்கு ஒன்று சிறிது என்று சொல்வீர்கள். சிறிதுதான். ஆனால் பேரேட்டிலே ஒரு வரி விழுந்துவிட்டதே! பெயர் ஏறிவிட்டதே! ஒன்றா இரண்டா என்று பேரம் பேசலாம். வரியே இல்லாத இடத்திலே எதைப் பேசுவது?

இன்று உலகத்திலே பெரும்பாலும் நடப்பது என்ன? இணையத்திலே நீ மனிதன்தானா என்று மெய்ப்பிக்க, கோணல் எழுத்துகளைப் படித்துத் தட்டச்சு செய்யச் சொன்னார்களே, நினைவிருக்கிறதா? 2007-ல் தொடங்கிய அந்த ஏற்பாட்டிலே, நாம் தட்டியவை பழைய நூல்களிலும் நாளேடுகளிலும் இயந்திரத்தால் படிக்க இயலாத சொற்கள். கோடிக்கணக்கான மக்கள் எழுத்தராக வேலை பார்த்தார்கள், தாம் வேலை பார்க்கிறோம் என்று அறியாமலே! கடைக்கு மதிப்பெண் போடுகிறோம், வரைபடத்திலே தெருவைத் திருத்துகிறோம், எழுதுகிறோம், பேசுகிறோம். செயற்கை நுண்ணறிவு இயந்திரங்கள் உண்டு வளர்ந்த உணவிலே நம் எழுத்தும் இருக்கிறது. அழைக்கும்போது பங்காளி, ஐந்தொகை போடும்போது வாடிக்கையாளர்.

பங்கு கொடுக்காவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்குப் புத்தகத்திலிருந்து அல்ல, இந்த ஊரின் நினைவிலிருந்தே விடை சொல்லுவேன். மனம் நோகச் சொல்லவில்லை. பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பர்மாவுக்குச் சென்றார்கள் நம் ஊரார். ஐராவதி ஆற்றுக் கழிமுகத்திலே காடு வயலானதற்கு, உழைத்தவன் பர்மிய உழவன். முதல் கொடுத்தவர்கள் இங்கிருந்து சென்றவர்கள். அதுவும் ஒரு கூட்டுப் படைப்புதான். உலகுக்கே அரிசி அனுப்பிய படைப்பு! ரங்கூன் மொகல் தெருக் கோயிலிலே, தமிழ் மாதம் 16-ஆம் நாள் மாலை கூடி, நடப்பு வட்டி எவ்வளவு என்று முடிவு செய்வார்கள். எத்தனை ஒழுங்கு! எத்தனை நாணயம்! தம்மவருக்குள்ளே ஒரு காசு பிசகியதில்லை. ஆனால் அந்த மண்டபத்திலே கடன் வாங்கிய உழவனுக்கு ஒரு பாய் விரித்திருந்தார்களா? இல்லை. அவன் வாடிக்கையாளன், பங்காளி அல்லன்.

1930-ஐ ஒட்டி நெல் விலை சரிந்தது. உழவனால் கடனைத் திருப்பக் கூடவில்லை. அடகு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களிலே, 1930-ல் நூற்றுக்கு 6 அளவாக இருந்த செட்டியார் நிலம் 1937-ல் நூற்றுக்கு 25 ஆயிற்று. அந்த நிலத்தை அவர்கள் ஆசைப்பட்டுத் தேடியதும் அல்ல; பணம் திரும்பினால் போதும் என்றிருந்தவர்கள். சட்டத்தை மீறியதும் அல்ல. ஆனால் இடர் வந்த நாளிலே அதைப் பகிர்ந்து கொள்ளும் ஏற்பாடு இல்லாத உறவு, வெறுப்பாக மாறியது. 1942-ல் சப்பானியர் படை புகுந்தபோது கால்நடையாகத் திரும்பியவர் எத்தனை பேர்! 1948-ல் பர்மா விடுதலை பெற்றதும் நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் வந்தது. உழவனும் வாழவில்லை, முதல் போட்டவரும் வாழவில்லை. இந்த ஊரிலே பூட்டிக் கிடக்கும் வீடுகளிலே சிலவற்றின் கதை அது.

வேறு வழி உண்டா? உண்டு. இங்கிலாந்திலே ராச்டேல் என்னும் ஊரிலே 28 பேர், அவர்களிலே நெசவாளர் பலர், 1844 டிசம்பரிலே ஒரு சிறு கடை திறந்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி, அவ்வளவுதான் சரக்கு. கலப்படம் இல்லை. வாங்குபவரே உரிமையாளர். யார் எவ்வளவு வாங்கினாரோ அந்த அளவுக்கு ஆதாயத்திலே பங்கு. அந்த வழியிலேதான் நம் திருவல்லிக்கேணியிலே 1904-ல் கூட்டுறவுப் பண்டகசாலை எழுந்தது. வாடிக்கையாளரைப் பங்காளி என்று மேடையிலே புகழாமல், பேரேட்டிலே எழுதிய சிந்தனை அது. எது புதியது, எது பழையது என்று நீங்களே சொல்லுங்கள்.

என் மீதும் ஒரு குற்றச்சாட்டு உண்டு. அதை மறைத்துவிட்டு ஊரைக் குறைகூறுவது அழகல்ல. என் நாடகம் ஒன்றிலே கடன்பட்ட மகன் தாயிடம் மன்னிப்புக் கேட்கும் காட்சி. ஒரு திருவிழா மேடையிலே அது நடந்தபோது, முன்னால் உட்கார்ந்திருந்த மூதாட்டி உரக்கச் சொன்னார்: “மன்னிப்பு எதுக்குடா, கணக்கைச் சொல்லு!” கொட்டகை அதிர்ந்தது. மறுநாளே அந்த வரியைத் தாயின் வாயிலே வைத்தேன். அதன் பிறகு அந்த நாடகம் போன ஊரெல்லாம் கைதட்டல் அந்த வரிக்குத்தான். ஆசிரியர் என்று சுவரொட்டியிலே என் பெயர். அம்மையாரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். நம் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டாசு வெடித்தோம், மாலை போட்டோம். இந்தச் சேலையும் கூடிப் படைத்ததுதான். ஆச்சிமார் கேட்ட கட்டமும் கரையும் நெசவாளர் கையிலே உருவாயின. இன்று நகரத்துப் பெண்கள் நூல் மெலிதாக வேண்டும் என்கிறார்கள், நெசவாளர் அதற்கும் ஈடுகொடுக்கிறார். ஆனால் குறியீடு ஊருக்குக் கிடைத்தால் போதாது, தோழர்களே. நெசவாளர் ஒவ்வொருவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளர் என்று தனித்தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது சட்டம். அப்போதுதான் அந்தப் பெயர்மீது அவருக்குத் தம் பெயராலேயே உரிமை. விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாயாக இருந்தது. 2020-ல் 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே தடை பணம் அன்று. தறியிலே பத்து விரலும் பேசும் கலைஞருக்குப் படிவத்தின் மொழி பேச வரவில்லை, அவ்வளவுதான்.

படிவம் நிரப்பத் தெரிந்த தோழர்கள், கூட்டம் கலையும் முன்னர் மேடையருகே பெயர் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். வரும் ஞாயிறு காலை தறி இருக்கும் வீடுகளுக்குப் போகிறோம். பேனா அவரவர் கொண்டு வாருங்கள்.