சிவப்பு விளக்கு அணையும் நேரம்



சென்னையில் பாடிப் பக்கம் பேருந்தில் போகிறவர்கள் 'லூகாஸ்' என்று கேட்டுத்தான் சீட்டு வாங்குவார்கள். 1961-இல் இங்கிலாந்தின் லூகாஸ் நிறுவனமும் டிவிஎஸ் குழுமமும் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலையின் பெயர், ஊர்ப்பெயர் போலவே நிலைத்துவிட்டது. வண்டிகளுக்குப் பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவும், எஞ்சினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரும் செய்த இடம் அது. அதே ஆண்டில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அந்தப் பத்தாண்டிலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டையும் எழுந்தது. செம்புக்கம்பி சுற்றுகிற கையும் லேத் பிடிக்கிற கையும் இந்தப் பகுதியில் பெருகின. அந்தக் கைகளில் சில, பூந்தமல்லி சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்டு, 'ஆட்டோ எலெக்ட்ரிகல்ஸ்' என்று பலகை மாட்டின. பழைய லாரியின் சார்ஜ் கோளாறைக் கண்டுபிடிக்கும் அவர்களுடைய கலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அம்பத்தூரில் ஒரு பிற்பகல் முழுக்க அந்தக் கலையை அருகில் இருந்து பார்த்தேன். வந்து நின்றது 1960-களின் 12 வோல்ட் லாரி. தாத்தா ஓட்டிய வண்டியைப் பேரன் விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார். ஒரே வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. காலையில் செல்ஃப் முனகுகிறது. இரவில் முகப்பு விளக்கு மங்குகிறது. "டைனமோவைத் தூக்கிப்போட்டு ஆல்டர்னேட்டர் வைத்துவிடலாமா அண்ணே?" என்றுதான் அவர் பேச்சையே தொடங்கினார்.

எலெக்ட்ரீஷியன் அறுபது கடந்தவர். "இருப்பா, முதல்ல என்ன நோய்னு பாப்போம்" என்றார். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். அரை அங்குலம் போல இறங்கியது; அது சரி. பேட்டரியில் மீட்டர் வைத்தார்: 12.2 வோல்ட். நன்றாக ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6-ஆவது காட்ட வேண்டும். அடுத்து அவர் செய்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் எர்த் பக்கம், மறுமுனை எஞ்சின் இரும்பின் மேல். செல்ஃபைச் சுற்றச் சொன்னார். முள் ஒன்றரை வோல்ட் தாண்டியது. இரண்டும் ஒரே எர்த் என்றால் அங்கே அரை வோல்ட்கூட இருக்கக் கூடாது. சேஸிசில் எர்த் பட்டையை முடுக்கிய இடத்தில் துருவும் பெயின்டும் ஏறியிருந்தன. சுரண்டி, பளபளக்க வைத்து மறுபடி முடுக்கியதும் செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றியது.

ஆனால் எர்த் சரியானதால் சார்ஜ் ஏறிவிடாது. செல்ஃப் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும்போதுதான் அந்தத் துரு பெரிய தடை. டைனமோ அனுப்பும் பத்து, இருபது ஆம்பியருக்கு அது அவ்வளவு இடைஞ்சல் இல்லை. அப்படியானால் பேட்டரி இறங்கியதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. இரண்டு நோய் ஒரே அறிகுறியைக் காட்டிக்கொண்டு இருந்திருக்கின்றன. பேட்டரி மாற்றியவர்கள் இரண்டையும் பார்க்கவில்லை.

டைனமோவின் பின்புறம் 'டி', 'எஃப்' என்று இரண்டு முனைகள். இரண்டிலும் வந்த வயர்களைக் கழற்றி, முனைகள் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தார். கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர். எஞ்சினை மெல்ல வேகப்படுத்தினால் வோல்ட் தடங்கல் இல்லாமல் ஏற வேண்டும். எண்ணே காட்டாவிட்டால் கார்பன் பிரஷைப் பார்க்க வேண்டும். ஒரு வோல்ட் அளவில் நின்றால் ஃபீல்டு காயில். ஐந்து வோல்ட் அளவில் நின்றால் ஆர்மேச்சர். லூகாஸ் கையேடுகள் கற்றுத்தந்த பழைய சோதனை இது. அவர் எந்தக் கையேட்டையும் திறக்கவில்லை. இந்த லாரியில் முள் ஏறியது, ஆனால் நடுங்கி நடுங்கி ஏறியது.

கழற்றிப் பார்த்தால், கம்யூடேட்டரின் செம்புப் பட்டைகள் தேய்ந்து, நடுவிலிருக்கும் மைக்கா மேலே துருத்திக்கொண்டிருந்தது. பிரஷ் செம்பின் மேல் உட்காராமல் மைக்காவின் மேல் துள்ளுகிறது. பக்கத்து லேத்தில் கொடுத்துச் செம்பைச் சமப்படுத்தினார்கள். பிறகு பழைய ஹேக்சா பிளேடைப் பட்டைக்கு ஏற்றபடி சாணை பிடித்து, ஒவ்வொரு பள்ளமாக மைக்காவைக் கீழிறக்கினார் அவர். நாற்பது நிமிடம். இந்த வேலைக்கு அவர் கேட்ட கூலி, ஒரு பேட்டரி விலையில் சின்ன பங்குகூட இல்லை. இந்த உழைப்பை நாம் குறைத்து மதிக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கட்-அவுட் பெட்டியையும் திறந்தார். உள்ளே இரண்டு சுருள்கள். ஒன்று, டைனமோவின் வோல்ட் 13-ஐ ஒட்டி வந்ததும் பேட்டரியோடு சேர்த்துவிடும்; எஞ்சின் நின்றால் பிரித்துவிடும். மற்றது வோல்ட் எல்லை மீறாமல் விநாடிக்குப் பலமுறை தட்டித் தட்டிக் காக்கும். கட்-அவுட்டின் முனையைக் கண்ணாடித் தாளால் மட்டும் துடைத்தார். "எமரி போட்டா இதோட ஆயுசு முடிஞ்சுது" என்றார். கடைசியாக, பேட்டரியின் உயிர்முனையிலிருந்து ஒரு வயரை 'எஃப்' முனையில் கண்ணிமைக்கும் நேரம் தொட்டு எடுத்தார். டைனமோவின் இரும்பில் கொஞ்சம் காந்தம் தங்கியிருந்தால்தான் அது மின்சாரம் தரத் தொடங்கும். எந்தப் பக்கம் நேர், எந்தப் பக்கம் எதிர் என்பதையும் அந்த ஒரு தொடுதல்தான் முடிவு செய்கிறது.

எஞ்சின் உறுமியது. டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு மங்கி அணைந்தது. அந்த விளக்கின் ஒரு கால் பேட்டரியில், மறுகால் டைனமோவில். இரண்டு பக்கமும் வோல்ட் சமமானால் அதன் வழியே மின்சாரம் ஓட வழியில்லை.

இனி ஆல்டர்னேட்டர் கேள்வி. இந்த வண்டி கண்காட்சிக்கு மட்டும் போகும் என்றால் டைனமோவே இருக்கட்டும் என்பது என் கருத்து. ஐப்பசி மழையில், வைப்பரும் முகப்பு விளக்கும் எரிய, பூந்தமல்லி நெரிசலில் ஊர்ந்தாக வேண்டும் என்றால் மாற்றத்தான் வேண்டும். ஐடிலிங்கில் டைனமோ அநேகமாக ஒன்றும் தருவதில்லை. ஆல்டர்னேட்டர் அப்போதும் தரும். 1960-இல் அமெரிக்காவின் வேலியன்ட் காரில் அது வழக்கமான பொருத்தமாக வந்ததற்குச் சிலிக்கான் டையோடுகள் மலிவானதே வழி திறந்தது. டையோடு மின்சாரத்தைத் திரும்ப விடாது. அதனால் கட்-அவுட்டே தேவையில்லை.

ஆனால் ஆல்டர்னேட்டரை மாட்டுவது பாதி வேலைதான். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் நேர்முனை எர்த்தாக இருக்கும். அதை முதலில் திருப்ப வேண்டும். 22 ஆம்பியருக்குப் போட்ட வயரில் 40 ஆம்பியரை ஓட்டினால் வயர் சூடாகும். கனமான வயர் வேண்டும். டாஷ்போர்டின் ஆம்பியர் மீட்டரை எடுத்துவிட்டு வோல்ட் மீட்டர் வைப்பது பாதுகாப்பு. புல்லிகள் நேர்கோட்டில் இல்லாவிட்டால் பெல்ட் தேய்ந்துபோகும். சிவப்பு விளக்கின் பல்ப் ஃபியூஸ் ஆனால் ஆல்டர்னேட்டர் விழிக்காமலே இருந்துவிடலாம், ஏனென்றால் அதன் முதல் காந்தத்துக்கு மின்சாரம் அந்தச் சின்ன பல்ப் வழியாகத்தான் போகிறது.

பழைய பழக்கம் ஒன்றையும் விட வேண்டும். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, 'நிக்காம ஓடுது, சார்ஜ் வருது' என்று சொல்லும் வழக்கம் இந்தத் தெருக்களில் உண்டு. டைனமோ அதைப் பொறுத்துக்கொண்டது. ஆல்டர்னேட்டரில் அந்த நொடியே வோல்ட் துள்ளி, டையோடு போய்விடலாம். வண்டியின் பாடியில் வெல்டிங் வைத்தாலும் அதே ஆபத்து.

பேரன் கடைசியில் ஆல்டர்னேட்டரே போட்டுக்கொண்டார். சரிசெய்த டைனமோவைத் துணியில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார். அடுத்த வாரம் பெயின்டர் வந்தபோது, பின்கதவில் 'ஒலி எழுப்பவும்' எழுதி முடித்த கையோடு, பானெட்டின் உட்புறமும் மஞ்சளில் ஒரு வரி எழுதச் சொன்னார் எலெக்ட்ரீஷியன்: 'வெல்டிங்குக்கு முன் ஆல்டர்னேட்டர் வயரைக் கழற்றவும்.'