மறவர் உண்ட உழாத உணவு

 

பழந்தமிழ் மறவனின் வேலையும் வாளையும் பற்றி நாம் ஓயாது பேசுகின்றோம். அவ்வேலைப் பிடித்த கை எதைப் பிசைந்து உண்டது என்று கேட்பவர் மிகச் சிலரே. விடை நமக்குச் சற்றுக் கூச்சம் தருகின்றது. ஆகலின் கேளாமலே விடுகின்றோம்.

பெரும்பாணாற்றுப்படையைப் புரட்டுங்கள். காஞ்சிக்குச் செல்லும் வழியில் எயினர் குடில் ஒன்று. பிள்ளை பெற்றவள் மான்தோலிற் கிடக்க, ஏனைய பெண்டிர் இரும்புத் தலைக் கோலால் கரம்பு நிலத்தைக் கிளறுகின்றனர். எதற்கு? எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசிக்கு! அதனை நில உரலிற் குற்றி, தோண்டியெடுத்த உவர்நீரில் உலையேற்றி, உலர்ந்த ஊனோடு தேக்கிலையிற் குவித்து வழிவந்தவனுக்குத் தருகின்றனர். பானையோ வாய் உடைந்த பானை; ஆயினும் விருந்து தவறவில்லை.

அடுத்து வருவது அவர்தம் அரண். முள்வேலி, தொடரிற் கட்டிய நாய்கள், முனை மழுங்கிப் புலால் நாறும் வேல்கள், பந்தரில் தொங்கும் துடி. அங்கே கிடைப்பது மேட்டுநில நெல்லின் செஞ்சோறும், நாய் பிடித்துக் கொணர்ந்த சினை உடும்பின் பொரியலும். பழைய உரைகாரர் நச்சினார்க்கினியர் அதற்கு உரை எழுதக் கூசவில்லை. 'ஏதோ ஓர் இறைச்சி' என்று வகுப்பில் விழுங்கிவிட்டு அப்பால் நடப்பவர் நம் காலத்து ஆசிரியரே. நானும் ஆசிரியன்தான், என் இனத்தாரை அறிவேன். (இன்று உடும்பு பிடித்தல் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். படிக்கத்தான் சொல்கின்றேன், பிடிக்கவன்று!)

இனிப் பறம்புமலைக்கு வருவோம். முற்றுகை என்பது என்ன? உள்ளிருப்போரின் வயிற்றைக் காயவைப்பது. வயல் சோற்றையே நம்பியவன், வயல் பகைவன் கைப்பட்டதும் வாயில் திறக்க வேண்டியவனே. மூவேந்தரும் பாரியின் மலையைச் சூழ்ந்தபோது, கபிலர் அவர்களை நோக்கி எண்ணிச் சொன்னவை நான்கு: மூங்கிலரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். நான்கும் உழவர் உழாமலே விளைபவை. படைகொண்டு இம்மலையைக் கொள்ளல் அரிது என்பதற்கு வில்லாளர் தொகையை அவர் முதலிற் சொல்லவில்லை, உணவையே சொன்னார். புறநானூற்றின் 109ஆம் பாட்டு அது.

அதே நூலின் 119ஆம் பாட்டு கையறுநிலை. அந்நாட்டின் வளம் இனி அழிந்துபோகுமோ என்று கபிலர் கலங்குகின்றார். அப்போது அவர் நெஞ்சில் எழுந்தது பாற்சோறா, பொற்கலமா? செம்புற்றின் ஈசலை மோரிற் புளிக்கவிட்டுச் சமைத்த கூழ்! அகநானூறும் (394) அதன் செய்முறையைச் சொல்கின்றது. ஆட்டுத் தயிர், குற்றிய வரகரிசி, மழைக்குப்பின் ஈரப்புற்றிற் கிளம்பிய ஈசல். சூடான அப்புளிஞ்சோற்றின்மேல் ஆவின் வெண்ணெய் உருகுகின்றது. நாவூறச் சொல்லப்பட்ட உணவு அது. வறுமையின் புலம்பல் அன்று.

ஈசலில் ஊட்டமும் கொழுப்பும் மிகுதி. இன்றும் மழைக்காலத்தில் அதைப் பிடித்து வறுத்து, அரிசியோடு சேர்த்து உண்ணும் எளிய மக்கள் நம்மிடையே உள்ளனர். இருளர் அவர்களுள் ஒரு சாரார். 'ஈசல் தின்னி' என்று அவர்களை இகழும் நாக்கு, மேடையேறிப் பாரியின் பெருமையையும் பேசுகின்றது. அந்நாக்கை உடையோர் அடுத்த முறை பேசுமுன் 119ஆம் பாட்டை முழுமையாகப் படித்துவிட்டு வரட்டும்.